பஞ்சுப் பஞ்சம்: இலங்காசயரின் பசியும் பரிவும்

துன்பப்பட்டவனுக்கே பிறர் துன்பம் தெரியும் என்பது நம்மிடையே கேள்விக்கிடமின்றி வழங்கிவரும் கருத்து. மேடைப் பேச்சிலும் இதனைக் கேட்கிறோம். வீட்டுத் திண்ணையிலும் கேட்கிறோம். 2022ஆம் ஆண்டில் இந்நாடு முழுவதும் எரிபொருளுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றபோது இக்கருத்துப் புதிதாக உயிர்பெற்றது. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் அலைந்து, குப்பிவிளக்கு வெளிச்சத்திலே படித்து ஆளான ஆசிரியர் ஒருவர் அத்தகைய வரிசையொன்றில் எனக்கு முன்னால் நின்றார். "இனியெண்டாலும் தெற்கில இருக்கிறவைக்கு எங்கட பாடு விளங்கும்" என்றார். அவ்வாண்டு மே 18ஆந் திகதி காலிமுகத்திடற் போராட்டக்களத்திலே முள்ளிவாய்க்காலில் இறந்தோர் நினைவுகூரப்பட்டுக் கஞ்சி வழங்கப்பட்டது. நண்பர் சொன்னது மெய்யாயிற்று என்றே அன்று எண்ணினேன். ஆனால், அதே வரிசைகளில் நின்ற வேறு பலருக்கு அவ்வனுபவம் அயலவன் மீதான எரிச்சலாக மாத்திரமே எஞ்சியதையும் கண்டேன்.

ஒரே துன்பம் ஒருவனை விரிக்கிறது, இன்னொருவனைச் சுருக்குகிறது. இஃது ஏன் நிகழ்கிறது? தனிமனித சுபாவம் என்று விடைகூறி அமைவது எளிது. சமூக வரலாற்றைக் கற்போர் அவ்வளவில் அமைதல் தகாது. ஒரு பெருந்திரளான மக்கள் ஒரே காலத்தில், ஒரே காரணத்தால், ஒரேவிதமான துன்பத்துக்கு உள்ளாகி, தம் துன்பத்தைத் தீர்க்கக்கூடிய ஒரு வழி பிறரின் அடிமைத்தனத்தை நீடிக்கும் என்று அறிந்து நின்ற சந்தர்ப்பம் ஒன்று கிடைக்குமாயின், அதனை ஆராய்வது பயன்தரும். அத்தகைய சந்தர்ப்பம் 1861 தொடக்கம் 1865 வரை இங்கிலாந்தின் இலங்காசயர் மாகாணத்தில் வாய்த்தது.

நமது பாடசாலை நூலகங்களில் எஞ்சியிருக்கும் பழைய புவியியல் நூல்களில் இலங்காசயருக்கு ஓரிடமுண்டு. ஈரலிப்பான காலநிலை, அருகே நிலக்கரி, லிவர்பூல் துறைமுகம் ஆகியவற்றால் அங்கே பருத்திக் கைத்தொழில் வளர்ந்தது என்று காரணங்களை வரிசைப்படுத்தி மாணவர் மனனஞ் செய்வர். அந்நூல்கள் கூறாதுவிட்ட காரணம் ஒன்றுண்டு. ஆலைகளுக்கு வந்த மூலப்பஞ்சில் ஐந்தில் நான்கு பங்கு அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து வந்தது. அதனை விளைவித்தவர்கள் அடிமைகள். 1860ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அங்கே ஏறத்தாழ 40 இலட்சம் கறுப்பு மக்கள் அடிமைகளாக இருந்தனர். பிரித்தானியா தன் குடியேற்றநாடுகளில் அடிமைமுறையை 1833ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழித்ததைத் தன் பெருங்கருணைக்குச் சான்றாகப் பறைசாற்றிக்கொண்டே, மறுபுறம் அடிமை கொய்த பஞ்சினாலே உலகுக்கு உடை நெய்தது. அப்பஞ்சை நூற்று நெய்து பிழைத்தோர் பிரித்தானியாவில் நாலு இலட்சத்துக்கு மேற்பட்டோர். அவர்களுட் பெரும்பாலோர் இலங்காசயரையும் அதனையடுத்த பகுதிகளையும் சேர்ந்தவர்கள்.

1861 ஏப்ரிலில் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. தென்மாநிலத் துறைமுகங்களை முற்றுகையிடுமாறு லிங்கன் பணித்தார். தென்மாநிலத் தோட்டத்துரைமாரும் ஒரு கணக்குப் போட்டனர். பஞ்சைத் தாமே அனுப்பாது நிறுத்திவைத்தால் இங்கிலாந்து பசியால் வாடித் தம்மைத் தனிநாடாக அங்கீகரிக்கும் என்பது அவர்கள் எண்ணம். பஞ்சே அரசன் என்ற வாசகம் அவர்களிடையே அப்போது புகழ்பெற்றிருந்தது. ஓர் உண்மையை இங்கே சொல்லிவைத்தல் வேண்டும். போருக்கு முந்திய இரண்டு ஆண்டுகளில் ஆலை முதலாளிகள் அளவுக்கு மீறி உற்பத்தி செய்து குவித்திருந்தமையால், முதல் வேலைக்குறைப்புக்குப் பஞ்சமன்று, தேக்கமே காரணமாயிருந்தது. கையிருப்பில் பஞ்சும் துணியும் வைத்திருந்தோர் விலையேற்றத்தால் இலாபமும் பெற்றனர். பழி முழுவதும் லிங்கனின் முற்றுகை மீது விழுந்தது அவர்களுக்கு வாய்ப்பாகவே இருந்தது.

1862ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் நிலைமை உச்சத்தை அடைந்தது. டிசெம்பரில் ஏறத்தாழ 5 இலட்சம் மக்கள் நிவாரணத்தை நம்பி வாழ்ந்தனர். எட்வின் வோ என்ற இலங்காசயர் எழுத்தாளர் இந்நகரங்களில் வீடுவீடாகச் சென்று கண்டவற்றை மான்செஸ்ரர்ப் பத்திரிகையொன்றில் எழுதினார். வீட்டுத் தளபாடம் முதலில் போகிறது. பின்னர்ப் படுக்கைத் துணி. பின்னர் உடுத்த உடை. அடைவுகடைகள் நிறைகின்றன, வீடுகள் வெறுமையாகின்றன. சேமிப்பு வங்கியில் வைத்திருந்த சில பவுண்களும் கூட்டுறவுச் சங்கப் பங்குகளும் கரைகின்றன. தன்னுழைப்பில் வாழ்ந்ததைத் தன் ஒரே செல்வமாகக் கருதிய நெசவாளன் ஏழைகள் சட்டத்தின் கீழ் உதவிகோரி நிற்கவேண்டியதாயிற்று. உதவி பெறுவதற்குக் கல்லுடைக்க வேண்டும். அல்லது பழைய கப்பற்கயிற்றைப் பிரித்து நாராக்க வேண்டும். நுண்ணிய நூலைக் கையாண்டு பழகிய விரல்களைக் கொண்டு கல்லுடைப்பித்தமை அதிகார வர்க்கத்தின் கற்பனை வறட்சிக்கு ஓர் எடுத்துக்காட்டு. பெண்களுக்குத் தையல் வகுப்புகளும் ஆண்களுக்கு எழுத்தறிவு வகுப்புகளும் நடத்தப்பட்டமை சற்று மேலான ஏற்பாடு. வளர்ந்த ஆண்கள் சிறுவர் வாங்கில் அமர்ந்து எழுத்துக்கூட்டினர்.

வேலை கிடைத்த இடங்களிலும் துன்பம் குறையவில்லை. அமெரிக்கப் பஞ்சுக்குப் பதிலாக மேற்கிந்தியாவிலிருந்து வந்த 'சூரத்' பஞ்சு குட்டையிழையுடையது; தூசும் குப்பையும் மலிந்தது. நூல் ஓயாது அறுந்தது. துண்டுக்கணக்கில் கூலி பெறும் நெசவாளன் முன்னையிலும் கூடுதலாக உழைத்து முன்னையிலும் குறைவாகப் பெற்றான். இறைவா பஞ்சு அனுப்பு, ஆனால் சூரத் பஞ்சு மாத்திரம் வேண்டா என்று தேவாலயத்தில் ஒருவர் வேண்டிக்கொண்டதாக வழங்கும் கதை இக்காலத்தது. 1863 மார்ச்சில் ஸ்ரேலிபிரிட்ஜ் நகரில் நிவாரணத்தைக் காசாகக் கொடாது சீட்டாகக் கொடுக்க முற்பட்டபோது கலகம் வெடித்தது, குதிரைப்படை வரவழைக்கப்பட்டது. எனவே, இலங்காசயர்த் தொழிலாளர் எல்லாவற்றையும் பொறுமையோடு தாங்கினர் என்று பிற்காலக் கனவான்கள் மெச்சிக் கூறியதை முழுவதும் நம்பவேண்டியதில்லை. பசித்தவர்கள் பசித்தவர்களாகவே நடந்துகொண்டனர்.

இனி நமது வினாவுக்கு வருவோம். பசி தீர வழி எது என்பதற்கு அன்று எல்லோர் காதிலும் விழுந்த விடை ஒன்று இருந்தது. தென்மாநிலங்களைத் தனிநாடாக அங்கீகரித்து, பிரித்தானியக் கடற்படையை அனுப்பி முற்றுகையை உடைத்துவிட்டால் பஞ்சு வரும். பஞ்சு வந்தால் வேலை வரும். லிவர்பூல் வணிகரும் பெரும் பத்திரிகைகள் பலவும் இதனையே ஓதின. அமைச்சர் கிளாட்ஸ்ரன் 1862 ஒக்ரோபரில் நியூகாசில் நகரில் பேசுகையில், தென்மாநிலத் தலைவர்கள் ஒரு தேசத்தையே ஆக்கிவிட்டனர் என்று பாராட்டினார். போரில் தலையிடுவது பற்றி அமைச்சரவை ஆலோசித்தது. இந்நிலையில் ஐந்து இலட்சம் பட்டினி வயிறுகள் ஒருமித்துக் கூக்குரலிட்டிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை ஊகித்தல் கடினமன்று.

அக்கூக்குரல் ஒருமித்து எழவில்லை. அதற்காகத் தொழிலாளர் அனைவரும் அடிமையின் பக்கம் நின்றனர் என்று எழுதிவிடுதலும் பிழை. முற்போக்காளர் சிலர் நெடுங்காலம் அப்படித்தான் எழுதிவந்தனர். 1972இல் வெளிவந்த மேரி எலிசனின் ஆய்வு, இலங்காசயரின் பல நெசவு நகரங்களில் தென்மாநிலங்களுக்கு ஆதரவான கூட்டங்களும் தீர்மானங்களும் இருந்தன என்பதைப் பத்திரிகைச் சான்றுகளுடன் காட்டிற்று. அவர் சிற்சில இடங்களில் மறுபக்கத்தை மிகைப்படுத்தினார் என்று கருதுவோரும் உளர். ஆயினும் உண்மை கலப்பானது என்பதை இனி மறுப்பதற்கில்லை. எனக்கு இது ஏமாற்றந் தரவில்லை. எல்லோரும் ஒரே பக்கம் நின்றிருந்தால் அதனை இயல்பென்று சொல்லி அமைந்திருப்போம். பிளவுபட்டு நின்றமையாலேயே காரணம் தேட இடமுண்டாகிறது.

மறுபக்கத்தின் உச்ச நிகழ்ச்சி 1862 டிசெம்பர் 31ஆந் திகதி இரவு மான்செஸ்ரர் சுதந்திர வர்த்தக மண்டபத்தில் நடைபெற்றது. மறுநாள் அமெரிக்காவில் அடிமை விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வரவிருந்தது. அதற்கு முன்வரை, தாம் போரிடுவது ஒன்றியத்தைக் காப்பதற்கே என்று லிங்கன் அரசு கூறிவந்தமையால், வடக்கை ஆதரிக்க விரும்பிய ஆங்கிலத் தொழிலாளருக்கும் தயக்கம் இருந்தது. இப்போது அது நீங்கிற்று. கூடியிருந்தோர் லிங்கனுக்கு ஒரு முகவுரை அனுப்பத் தீர்மானித்தனர். அடிமைத்தளையை முற்றாக அறுத்தெறியுமாறு அதில் அவரை ஊக்கினர்.

அம்மண்டபம் நின்ற நிலத்தையும், தலைமை வகித்தவரையும் கவனித்தல் வேண்டும். வாக்குரிமை கேட்டுக் கூடிய மக்களைக் குதிரைப்படை 1819 ஓகஸ்ட் 16இல் வெட்டிச் சாய்த்த புனித பீற்றர் திடலின் மீதே அம்மண்டபம் எழுந்திருந்தது. தலைமை வகித்தவர் நகரபிதா ஏபெல் ஹேவூட். அவர் இளமையில், முத்திரைவரி செலுத்தாத ஏழைகளின் பத்திரிகையை விற்ற குற்றத்துக்காக 1832இல் நான்கு மாதம் சிறையிருந்தவர். அங்கே கூடிய தொழிலாளருட் பெரும்பாலோருக்கு அப்போதும் வாக்குரிமை கிடையாது. எனினும், எங்கே கூடுவது, யாரைத் தலைமைக்கு அழைப்பது, தீர்மானத்தை எப்படி எழுதுவது என்பனவெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தன. சாசன இயக்கத்தின் காலத்தில் அவர்கள் கற்ற பாடம் அது.

இவ்விடத்திலேதான் விடையின் ஒரு நுனி அகப்படுகிறது என்று கருதுகிறேன். பரிவு அந்தப் பட்டினிக் குளிர்காலத்தில் முளைத்ததன்று. பஞ்சு தாராளமாகக் கிடைத்த காலத்திலேயே அதற்கு நிலம் பண்படுத்தப்பட்டிருந்தது. அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்த பிரெடெரிக் டக்ளஸ் 1845 தொடக்கம் 1847 வரை பிரித்தானியத் தீவுகளெங்கும் பேசித்திரிந்தார். 1859இல் சேரா பார்க்கர் ரெமொண்ட் என்ற கறுப்பினப் பெண்மணி மான்செஸ்ரரில் பேசினார். உங்கள் தெருக்களில் போகும் பஞ்சு வண்டிகளைக் காணும்போது, அப்பஞ்சை விளைவித்தவனுக்கு ஒரு சதமேனும் போய்ச்சேரவில்லை என்பதை நினைக்கிறேன் என்ற கருத்துப்பட அவர் கூறினார். பொருளியற் பாடம் இதனிலும் சுருக்கமாக நடத்தப்பட்டதுண்டோ? கேட்டிருந்தவர்கள் தினமும் அப்பஞ்சைத் தொட்டவர்கள். தம் விரலிடை ஓடும் இழையின் மறுமுனையில் இன்னொரு மனிதன் நிற்கிறான் என்பதை அவர்கள் பஞ்சம் வருமுன்பே அறிந்திருந்தனர்.

ரொச்டேல் நகரை எடுத்துக்கொள்வோம். பருத்தியையும் கம்பளியையும் நம்பிய ஊர். பஞ்சத்தால் கடுமையாகத் தாக்குண்டது. ஆயினும் வடக்கின் பக்கம் உறுதியாக நின்ற ஊர்களில் அதுவும் ஒன்று. அடிமைமுறையை ஓயாது எதிர்த்த ஜோன் பிரைற் அவ்வூரவர் என்பது ஒரு காரணம். மற்றொரு காரணமுமுண்டு. 1844இல் அங்கே நெசவாளரும் பிறரும் தொடங்கிய கூட்டுறவுப் பண்டசாலை, தன் மிகுதியில் நூற்றுக்கு இரண்டரை வீதத்தைக் கல்விக்கென ஒதுக்கிவந்தது. வாசிகசாலையும் நூல்நிலையமும் நடத்திற்று. மா விற்ற கடையின் மேன்மாடியில் பத்திரிகை வாசிக்கப்பட்டது. நமது ஊர்ச் சனசமூக நிலையங்களை அறிந்தவருக்கு இதன் பொருளை விளக்கவேண்டியதில்லை.

எதிர்த்திசையில் இழுத்த மரபும் இருந்தது. அதுவும் தொழிலாளரிடையே வேர்கொண்டதே. 1830இல் றிச்சட் ஓஸ்லர் யோர்க்சயர் ஆலைகளில் உழைத்த குழந்தைகளின் நிலையை அடிமைத்தனம் என்றே வருணித்துப் பத்திரிகைக்கு எழுதினார். அவ்வுவமை பரவிற்று. நாமும் அடிமைகளே என்ற அந்த வாக்கியத்தை இருவழியிற் கொண்டுசெல்லலாம். ஆகவே அவனும் நம்மவன் என்று முடிக்கலாம். ஆகவே முதலில் எங்களைப் பார், கடலுக்கப்பாலுள்ளவன் பிறகு என்றும் முடிக்கலாம். சிறு விவசாயியின் மகனாகப் பிறந்து, வயலில் உழைத்து, ஆங்கில ஏழைகளுக்காக எழுதியும் சிறைசென்றும் புகழ்பெற்ற வில்லியம் கொபெற் இரண்டாவது வழியிற் சென்றார். அடிமை ஒழிப்பாளரை ஏளனஞ் செய்தார். கறுப்பின மக்களை இழித்தெழுதினார். தன் துன்பத்தை அளவுகோலாகக் கொண்டவர் அதனைப் பிறரை அளப்பதற்கன்றி, பிறரை விலக்குவதற்கே பயன்படுத்தினார். இத்தகையோரைத் தேட நாம் இங்கிலாந்துக்குப் போகவேண்டியதில்லை.

இன்னொருவரையும் குறிப்பிடுதல் பொருந்தும். நமது ஆங்கில வகுப்புகளில் நெடுங்காலம் வாழ்ந்தவர் அவர். சாள்ஸ் டிக்கன்ஸ் பன்னிரண்டு வயதுச் சிறுவனாய் இருந்த 1824இல் தந்தை கடனுக்காக மார்சல்சீ சிறையில் அடைக்கப்பட்டார். மகன் சப்பாத்து மை செய்யும் பண்டசாலையொன்றில் வாரம் ஆறு ஏழு சிலிங் கூலிக்கு மைச்சாடிகளுக்குச் சீட்டொட்டினான். அந்த வடு ஆறவேயில்லை. ஆங்கிலக் குழந்தைகளின் துயரத்தை அவரைப்போல் எழுதியவரில்லை என்று சொல்லலாம். அதே டிக்கன்ஸ், 1857இல் இந்தியச் சிப்பாய்கள் எழுச்சியின்போது, தாம் அங்கே படைத்தலைவராயிருந்தால் அவ்வினத்தையே அழித்தொழிக்க முயல்வேன் என்ற கருத்துப்பட நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். 1865இல் ஜமேக்காவின் மொரான்ற் பே பகுதியில் கறுப்பு விவசாயிகள் எழுந்தபோது, ஆளுநர் எயர் இராணுவச் சட்டத்தின் கீழ் நானூறுக்கு மேற்பட்டோரைக் கொல்வித்தார். அந்த எயரைக் காக்க எழுந்த அணியில் டிக்கன்சும் நின்றார். எயர்மீது வழக்குத் தொடரவேண்டும் என்று நின்றவர் ஜோன் ஸ்ருவற் மில்; வறுமையை ஒருநாளும் அறியாதவர், கிழக்கிந்தியக் கம்பனி அதிகாரியின் மகன். 1866இல் இலண்டன் கிளாக்கன்வெல் திடலில் எயரின் கொடும்பாவியைக் கொளுத்தியவர்களோ தொழிலாளர்.

டிக்கன்சைத் தூற்றுவது என் நோக்கமன்று. அவர் நூல்களை இன்றும் மாணவருக்குப் பரிந்துரைப்பேன். ஆனால் ஒரு செய்தி என் மனத்தை விட்டகலவில்லை. மைப் பண்டசாலையில் வேலைசெய்த கதையை அவர் உயிரோடிருந்த காலத்தில் வெளியிடவேயில்லை. ஜோன் போர்ஸ்ரர் என்ற நண்பரிடம் மாத்திரம் கூறினார். அவர் எழுதிய வரலாறு வெளிவந்த பின்னரே உலகம் அதனை அறிந்தது. சிறுவயதுத் துன்பம் அவருக்குத் தனியொருவரின் இழிவாக, மறைக்கவேண்டிய வெட்கமாக இருந்தது. உடன் சீட்டொட்டிய சிறுவர்களோடு தாம் சேர்த்து எண்ணப்பட்டதே அவருக்கு மிகப்பெரிய வேதனை. இலங்காசயரின் நெசவாளனுக்கும் உதவி கேட்டு நிற்பதில் வெட்கம் இருந்தது. ஆயினும் அவன் தெரு முழுவதும் அதே வரிசையில் நின்றது. அவ்வரிசையில் பேச்சும் வாதமும் நடந்தன. ஏன் இப்படி நேர்ந்தது என்று விளக்கம் கூற ஒரு பத்திரிகையும் ஒரு சங்கமும் இருந்தன. துன்பத்தின் அளவைக் காட்டிலும் இவ்வேறுபாடே பெரிதென எனக்குத் தோன்றுகிறது.

மான்செஸ்ரர் முகவுரைக்கு 1863 ஜனவரி 19ஆந் திகதியிட்டு லிங்கன் பதில் எழுதினார். அவர்கள் படும் துன்பத்தைத் தாம் அறிவதாகவும், எந்நாட்டிலும் எக்காலத்திலும் இதனிலும் உயர்ந்த வீரம் காட்டப்படவில்லை என்றும் அதிற் குறித்தார். அடுத்த மாதம் ஜோர்ஜ் கிறிஸ்வோல்ட் என்ற கப்பல் நியூயோர்க்கிலிருந்து மாவும் பிற உணவுப் பொருள்களும் ஏற்றிக்கொண்டு லிவர்பூலை அடைந்தது. 1863 மார்ச் 26இல் இலண்டன் தொழிற்சங்கங்கள் வடக்கை ஆதரித்துக் கூட்டிய பெருங்கூட்டத்திற்குப் பார்வையாளராகச் சென்றவர்களுள் கார்ல் மார்க்சும் ஒருவர். மறு ஆண்டு செப்ரெம்பரில் சர்வதேசத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, மேற்கு ஐரோப்பாவை அடிமைமுறைக்காகப் போரிடும் பழியிலிருந்து காத்தது தொழிலாளி வர்க்கமே என்று அதன் தொடக்கவுரையில் அவர் எழுதினார். தென்மாநிலங்களை மெச்சிய கிளாட்ஸ்ரனும் பின்னர் இலங்காசயர்த் தொழிலாளரின் நடத்தையையே காட்டி அவர்களுக்கு வாக்குரிமை வேண்டுமென வாதித்தார். 1867ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் நகரத் தொழிலாளருட் பெருந்தொகையினருக்கு வாக்களித்தது, பெண்களுக்கு அளிக்கவில்லை. ஆலைகளிலே பெண்களே கூடுதலாயிருந்தனர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

கிளாட்ஸ்ரனின் தந்தை மேற்கிந்தியத் தீவுகளிலும் டெமராராவிலும் ஈராயிரத்துக்கு மேற்பட்ட அடிமைகளை உடையவராயிருந்தார். அடிமை ஒழிப்பின்போது இலட்சம் பவுணுக்கு மேல் நட்டஈடு பெற்றார். பின்னர் அடிமைகளின் இடத்துக்கு இந்தியக் கூலிகளை ஒப்பந்தத்தின் பேரில் டெமராராவுக்கு வரவழைத்த முதல்வரும் அவரே. நமது மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியத் தொழிலாளர் நடந்துவந்ததும் அதே தசாப்தங்களில்தான். மிசிசிப்பியின் அடிமைக்காகத் தீர்மானம் நிறைவேற்றிய மண்டபத்தில் இவர்களைப் பற்றிப் பேச்செழவில்லை. தம் ஆலைத்துணியால் தறியிழந்த இந்திய நெசவாளனைப் பற்றியும் எழவில்லை. அவர்களிடம் வந்து பேச டக்ளசும் ரெமொண்டும் போன்ற ஒருவர் அப்போது இந்தியாவிலிருந்து போகவில்லை.

ஒருவர் போனார், ஆனால் எழுபது ஆண்டு கழித்து. 1931 செப்ரெம்பரில் வட்டமேசை மகாநாட்டுக்கு இலண்டன் வந்திருந்த காந்தி, இலங்காசயரின் டார்வென் பகுதிக்குச் சென்று இரண்டொரு நாள் தங்கினார். அந்நியத்துணி பகிஷ்காரத்தால் அவ்வூர்களின் ஆலைகள் மூடிக்கிடந்தன. அல்லது மூடியதற்குப் பகிஷ்காரமே காரணமென்று அம்மக்கள் நம்பினர். உலகப் பொருளாதார மந்தமும் யப்பானியப் போட்டியும் அதனிலும் பெரிய காரணங்கள் என்பது வேறு விடயம். காந்தி அவர்களுக்கு இனிப்பாக எதுவும் சொல்லவில்லை. உங்களிடையே முப்பது இலட்சம் பேருக்கு வேலையில்லை, எங்களிடையே ஏறத்தாழ முப்பது கோடிப் பேருக்கு ஆண்டில் பாதிக்காலம் வேலையில்லை என்று கணக்கைச் சொன்னார். உங்களுக்குக் கிடைக்கும் வேலையற்றோர் உதவிப்பணத்தின் ஒரு சிறுபகுதியே எங்கள் மக்களின் வருவாய் என்றும் சொன்னார். தானும் வேலையிழந்தவனே, ஆனால் இந்தியாவில் இருந்திருந்தால் காந்தி சொல்வதையே தானும் சொல்லியிருப்பேன் என்று ஒரு தொழிலாளி கூறியது பதிவாகியுள்ளது. ஆலைப்பெண்கள் கையுயர்த்தி ஆரவாரிக்க, நடுவே போர்வையோடு காந்தி நிற்கும் அந்தப் புகைப்படம் பலரும் கண்டதே. பகிஷ்காரத்தை அவர் விலக்கிக்கொள்ளவில்லை. டார்வென் ஆலைகளுக்குப் பழைய வேலை திரும்பவுமில்லை.